வண்டியின் நோயும் நாம் சொல்லும் சொல்லும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடை என்றால் இயலும் இசையும் கூத்தும் மணக்கும் மேடை. அம்மேடையில் ஏறி நின்று மோட்டார் வண்டியின் கிளட்சையும் கியரையும் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், "எதைப் பற்றியேனும் பயன்படும்படி பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது எங்கள் நெஞ்சில் முதலில் எழுந்தது இந்தப் பொருள்தான். அதற்குக் காரணம் உண்டு.

மைசூரில் வந்து குடியேறிய நம் காலனிக் குடும்பங்களுள் வாசலில் ஒரு கார் நிற்காத வீடு இன்று குறைவு. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும், திருமணத்திற்கும் துக்கத்திற்கும் ஊர் செல்ல அந்தக் காரையே நம்பியிருக்கிறோம். ஈரோட்டுக்கும் கோவைக்கும் போகிறவர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறார். உதகை வழியே போகிறவர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறார். நகரத்துச் சமவெளியில் மறைந்து கிடக்கும் வண்டியின் குறை, மலை ஏறும்போது மறையாமல் வெளிப்பட்டுவிடும். அப்போது வண்டிக்குள் இருப்பவர்கள் நம் பெற்றோரும் பிள்ளைகளும் ஆவர். ஆதலால் இது வெறும் இயந்திரப் பேச்சு அன்று, குடும்பப் பேச்சே.

எங்களுக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். 2024ஆம் ஆண்டு பொங்கலுக்கு முன்பு எங்கள் வண்டி முன்போல் ஓடவில்லை என்று உணர்ந்தோம். கையால் கியர் மாற்றும் பெட்ரோல் வண்டி; ஒன்பது ஆண்டு ஓடியது. பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோய், "பிக்கப் இல்லை" என்று ஒரே சொல்லில் முறையிட்டோம். அவர்களும் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். ஏர் பில்டரை மாற்றினார்கள். எஞ்சினுக்குள் காற்றுப் புகும் வாயிலைத் துப்புரவு செய்தார்கள். ரூ.7,400 செலவாயிற்று. செய்த வேலையில் பழுதில்லை. ஆனால் நோய் வேறிடத்தில் இருந்தது.

ஊரில் பொங்கல் முடித்துத் திரும்பும் வழியில், பண்ணாரியைத் தாண்டித் திம்பம் மலை ஏறிக்கொண்டிருந்தோம். வண்டியில் ஐந்து பேர். பின்னால் அரிசி மூட்டையும் தேங்காயும். ஒரு வளைவில் எதிரே இறங்கி வந்த பேருந்துக்கு வழிவிட்டு நின்றோம். பேருந்து சென்றபின் மீண்டும் ஏற முயன்றபோது எஞ்சின் ஓலமிட்டது, சுற்று காட்டும் முள் 4,000ஐத் தொட்டது, வண்டியோ அசையவில்லை. கருகிய நாற்றம் எழுந்தது. அடுத்த நொடியில் வண்டி பின்னோக்கி நகரத் தொடங்கிற்று. கைப்பிரேக்கை இழுத்தும் பாரம் தாங்காமல் மெல்ல வழுக்கியது. பின்னால் கரும்பு லாரி ஒன்று நின்றது. அதன் கிளீனர் இளைஞர் குதித்து ஓடிவந்து, பெரிய கல் ஒன்றை எங்கள் பின்சக்கரத்துக்கு அணை கொடுத்தார். பின் இருக்கையில் இருந்த எங்கள் அம்மா பேரப்பிள்ளைகள் இருவரையும் இரு கைகளாலும் அணைத்தபடி ஒரு சொல்லும் பேசாதிருந்தார்கள். அந்த மௌனம் எங்களை இன்றும் உறுத்துகிறது.

அம்மாவையும் பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றி அனுப்பினோம். வண்டியை வேறொரு வண்டி கட்டி இழுத்துவந்தது. காலனிக்கு அருகில் சிறு கொட்டகையில் தொழில் செய்யும் கன்னடத்துப் பெரியவர் ஒருவரிடம் அதை விட்டோம். வழக்கம்போல் "பிக்கப் இல்ல" என்றோம். அவர் சிரித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "முள் ஏறுகிறதா, வண்டி ஏறுகிறதா?" முள் மட்டும் ஏறியது என்றோம். "அப்படியானால் எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, கிளட்ச் வழுக்குகிறது" என்று முடித்துவிட்டார். வண்டியைத் தொடுவதற்கு முன்பே நோயைச் சொன்னார். நாங்கள் முதல் ஒர்க்‌ஷாப்பில் இதே செய்தியைச் சொல்லியிருந்தால் அவர்களும் சொல்லியிருப்பார்கள். குற்றம் பெரும்பாலும் எங்கள் சொல்லில் இருந்தது.

அன்பர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தமிழிலும் "பிக்கப் இல்லை". கன்னடத்திலும் "பிக்கப் இல்ல". மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொல் என்று மகிழ்ந்து அதையே எங்கும் சொல்லி வருகிறோம். ஆனால் "உடம்பு சரியில்லை" என்று மருத்துவரிடம் சொல்வதைவிட அதில் செய்தி அதிகமில்லை. அன்று தொட்டு அந்தப் பெரியவரிடமும், அனுபவமுள்ள வேறு சிலரிடமும் கேட்டும் கண்டும் தெளிந்தவற்றை உங்கள்முன் வைக்கிறோம்.

ஒரு சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். மிதிக்கிறோம், சைக்கிள் வேகம் எடுக்கவில்லை. காரணம் மூன்று வகைக்குள் அடங்கும். ஒன்று, மிதிக்கும் காலில் வலுவில்லை. இரண்டு, கால் சுழல்கிறது. ஆனால் சங்கிலி வழுக்குகிறது. மூன்று, காலும் நன்று, சங்கிலியும் நன்று. பிரேக் கட்டை சக்கரத்தை உரசிக்கொண்டிருக்கிறது. காருக்கும் இவ்வளவே. வலுவை ஆக்கும் இடம் எஞ்சின். வலுவைக் கடத்தும் இடம் கிளட்சும் கியர் பெட்டியும். வலுவைத் தின்னும் இடம் பிரேக்கும் டயரும். இம்மூன்றில் நோய் எங்கே என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிரிப்பது எவ்வாறு? சுற்று காட்டும் முள்ளையும் வேகம் காட்டும் முள்ளையும் ஒருங்கே பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சுற்று மளமளவென்று ஏறி, வேகம் மட்டும் ஏறாவிட்டால் கடத்தும் இடத்தில் குறை. சுற்றும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் எஞ்சினிலோ, வலுவைத் தின்னும் இடத்திலோ குறை. இந்தச் சோதனையை ஆளரவமற்ற நேரான சமதளச் சாலையில், ஏ.சி.யை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். மூன்றாம் அல்லது நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்துங்கள். முள் தாவிக் குதித்தால் கிளட்ச் வழுக்குகிறது என்பதில் ஐயமில்லை. கியர் பெட்டிக்குள் பற்கள் ஒன்றோடொன்று கடித்து நிற்பதால், கியர் விழுந்த நிலையில் அங்கே வழுக்கல் நிகழாது. தகடு உராய்ந்து பிடிக்கும் கிளட்சில்தான் வழுக்கல் நிகழும்.

கிளட்ச் ஏன் தேய்கிறது? ஓடிய தூரத்தாலும் தேயும்; நம் பழக்கத்தாலும் தேயும். நெரிசலில் கிளட்ச் மிதியின் மேலேயே காலை வைத்திருப்பதும், ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவதும் தகட்டை எரிக்கும் பழக்கங்கள். எங்கள் வண்டியின் தகடு ரிவெட் வரை தேய்ந்திருந்ததைப் பெரியவர் கையில் எடுத்துக் காட்டினார். அந்தப் பழக்கம் எங்களுக்கு உண்டா என்று கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மிதி மிக உயரத்தில் வந்த பிறகே வண்டி நகரத் தொடங்குவது தேய்மானத்தின் முன்னறிவிப்பு. அது பல மாதங்களாக எங்களுக்குத் தெரிந்தே இருந்தது, பொருட்படுத்தவில்லை.

கிளட்ச் பிடிக்காமற்போவது ஒரு நோய். விடாமற்போவது மற்றொரு நோய். எஞ்சின் ஓடும்போது முதல் கியரும் ரிவர்ஸ் கியரும் விழ மறுத்துக் கரகரக்கின்றன; எஞ்சினை நிறுத்தினால் எளிதில் விழுகின்றன. இப்படியிருந்தால் கியர் பெட்டியைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டா. மிதியை அழுத்தியும் கிளட்ச் முழுவதும் விலகவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். கேபிள் தளர்ந்திருக்கலாம்; எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வண்டியானால் அந்த எண்ணெய் கசிந்திருக்கலாம். சிறு செலவில் தீரக்கூடிய நோய் இது.

ஓசையும் ஒரு மொழியே. வண்டி நின்றிருக்க, எஞ்சின் ஓட, கியர் விழாத நிலையில் காதைத் தீட்டிக் கேளுங்கள். கிளட்ச் மிதியை அழுத்தும்போது மட்டும் ஓசை எழுந்தால் கிளட்சை விலக்கும் பேரிங்கில் குறை. மிதியை விட்டிருக்கும்போது ஓசை இருந்து, அழுத்தியதும் நின்றுவிட்டால் கியர் பெட்டியின் உள்ளே முதல் தண்டின் பேரிங்கில் குறை இருக்கலாம். ஓடும்போது எந்தக் கியரில் போனாலும் வேகத்திற்கு ஏற்ப ரீங்காரம் ஏறி இறங்கினால் சக்கரத்துப் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்பும்போது 'டக் டக்' என்று கேட்டால் முன்சக்கரத்தை ஓட்டும் தண்டின் மூட்டு தேய்ந்திருக்கும்.

குறிப்பிட்ட ஒரே கியருக்கு மாற்றும்போது மட்டும் பல் உரசும் ஓசை கேட்பின், அந்தக் கியருக்குரிய ஒத்திசைவு வளையம் தேய்ந்ததாகக் கொள்ளலாம். இவ்வளையத்தின் வரலாறு சுவையானது. முற்காலத்து ஓட்டுநர்கள் பற்கள் மோதாதிருக்க இரு முறை கிளட்சை மிதித்து, சுற்றைக் கணித்துக் கியர் மாற்றினார்கள். இரு சக்கரங்களின் வேகத்தையும் தானே ஒன்றாக்கித் தரும் 'சிங்க்ரோமெஷ்' அமைப்பை 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் வண்டி கொண்டுவந்தது. அதன் பிறகும் வெகு காலம் பல வண்டிகளில் முதல் கியருக்கு அந்த வசதி இல்லை. வண்டி முழுதும் நின்ற பின்பே முதல் கியரைப் போட வேண்டும் என்று நம் தந்தையர் கண்டிப்புடன் சொன்னது அதனால்தான்.

இனி எஞ்சினுக்கு வருவோம். எஞ்சின் வலுவாக இருக்கக் காற்றும் எரிபொருளும் நேரத்தில் எரிதலும் வேண்டும். அடைபட்ட ஏர் பில்டர் காற்றைத் தடுக்கும். அடைபட்ட எரிபொருள் பில்டர் ஏற்றத்தில் பட்டினி போடும். சமவெளியில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் தடுமாறுவது எரிபொருள் போதாமையின் அடையாளங்களுள் ஒன்று. பெட்ரோல் வண்டி குலுங்கிக் குலுங்கி ஓடினால் ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறியிருக்கலாம். இதையே தொழிலாளர் 'மிஸ்ஸிங்' என்பர். டர்போ உள்ள டீசல் வண்டி வலுக் குன்றி, சீழ்க்கை ஓசையோடு கரும்புகை கக்கினால் டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாய் கிழிந்திருக்கலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிக்கு ஏற்ப வந்த டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் அது தன்னைத்தானே எரித்துத் தூய்மையாகும். காலனியிலிருந்து காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் டீசல் வண்டியில் அது அடைத்துக்கொண்டு வலுவைக் குறைக்கும்.

நோயல்லாததை நோயென்று கொள்ளவும் கூடாது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் உதகை உயரத்தில் கடற்கரையில் தரும் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். அது இயற்கை, அதற்கு மருந்தில்லை. கீழ்க் கியரில் பொறுமையாக ஏறுவதே வழி.

மூன்றாவது வகை, வலுவைத் தின்னும் இடம். காற்றுக் குறைந்த டயரும், விடாது உரசும் பிரேக்கும் இதில் அடங்கும். ஆளில்லாச் சமதளத்தில் சிறு வேகத்தில் சென்று கியரை விடுவித்துப் பாருங்கள். வழக்கமாக உருளும் தொலைவு உருளாமல் சீக்கிரம் நின்றால் பிரேக்கை ஐயுறலாம். சிறிது தூரம் ஓடியபின் சக்கரங்களின் அருகே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றினும் அதிகமாகக் கொதித்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

தானாகக் கியர் மாறும் வண்டி வைத்திருப்போர் நம்மிடையே பெருகி வருகின்றனர். 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் பல வகை உண்டு. 2014இல் மாருதி செலேரியோவில் வந்து பரவிய ஏ.எம்.டி. என்பது நம் பழைய கிளட்சும் கியர் பெட்டியுமே. மிதிக்கும் வேலையை மட்டும் ஒரு கருவி செய்கிறது. ஆகவே ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தினால் அங்கும் கிளட்ச் கருகும், பிரேக்கைப் பிடியுங்கள். சி.வி.டி. வகையில் பல் கியர்கள் இல்லை. பட்டையும் விரிந்து சுருங்கும் கப்பிகளும் உள்ளன. முழுதும் அழுத்தும்போது அதில் சுற்று முந்தி ஏற, வேகம் பின்னால் வருவது இயல்பே. புதிதாக வாங்கியவர் அதைக் கிளட்ச் வழுக்கல் என்று அஞ்ச வேண்டா. ஆனால் முன்பு இல்லாத நடுக்கமோ அலறலோ புதிதாகத் தோன்றினால் காட்ட வேண்டும். எண்ணெயின் சுழற்சியால் வலுவைக் கடத்தும் பழைய முறை ஆட்டோமேட்டிக்கில், 'டி'யில் போட்டபின் வண்டி நகரத் தாமதமாவதும், கியர் மாறும் இடைவெளியில் சுற்று எகிறுவதும் நோய்க்குறிகள். அதன் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் கருகல் மணத்தையும் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். எவ்வகையாயினும், வண்டி திடீரென்று ஒரே கியரில் சிக்கி மெதுவாக மட்டும் ஓடினால், கருவி தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்குப் போயிருக்கக்கூடும். அதை விரட்டாமல் அருகிலுள்ள பழுதகத்துக்குக் கொண்டுசெல்வதே அறிவு.

எச்சரிக்கை விளக்கைப் பற்றியும் ஒரு சொல். எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்டுங்கள். விட்டு விட்டு மின்னினால் தீப்பொறி தவறி எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போகிறது என்பது பொருள். வேகத்தைக் குறைத்து, நிறுத்த வசதியான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஸ்கேனர் கருவி காட்டும் எண்ணும் முடிந்த தீர்ப்பு அன்று. பி 0300 என்று காட்டினால் தீ தவறுகிறது என்று மட்டும் அறியலாம். பிளக்கா, காயிலா, எரிபொருளா என்பதை மனிதர்தான் தேட வேண்டும். எண் தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது.

எங்கள் கதையில் மிச்சம் ஒன்று உண்டு. பெரியவர் பார்த்து முடித்ததும், "கியர் பாக்ஸ் இறக்க வேண்டும்" என்றார். எங்களுக்கு உயிரே போய்விட்டது. பெட்டியே பாழ், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கு வைத்திருந்த பணம் போயிற்று என்று எண்ணினோம். உண்மை வேறு. கிளட்ச் தகடு எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் இருப்பதால், பெட்டியைக் கீழே இறக்கினால்தான் தகட்டை எடுக்க முடியும். இறக்குவது வேறு, பிரித்துப் புதுப்பிப்பது வேறு. தகடும் அதனோடு மாற்ற வேண்டியவையும் கூலியும் சேர்ந்து ரூ.9,800 ஆயிற்று. புரியாத இடத்தில் கேட்டுத் தெளிவது வெட்கம் அன்று என்பதை அன்று கற்றோம்.

ஆகவே அன்பர்களே, இனி ஒர்க்‌ஷாப் வாசலில் ஐந்து செய்திகளைச் சொல்வோம். குறை எப்போது தோன்றுகிறது: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்பா? எங்கே: சமதளத்திலா, ஏற்றத்திலா? எந்தக் கியரில்? முள் ஏறுகிறதா, வண்டி ஏறுகிறதா? ஓசை, நாற்றம், புகை, விளக்கு இவற்றுள் எது உடன் வந்தது? அதன்பின் மெக்கானிக்கை அருகில் அமர்த்திக்கொண்டு ஒருமுறை ஓட்டிக் காட்டுவோம். "இதை மாற்று, அதை மாற்று" என்று நாமே மருந்து எழுத வேண்டா; நோயை மட்டும் முழுதாகச் சொல்வோம்.

சங்கத்திற்கு எங்கள் விண்ணப்பம் ஒன்று. இவ்வைந்து கேள்விகளையும் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் கன்னடத்திலும் சிறு அட்டையாக அச்சிட்டு ஒவ்வொரு வீட்டிற்கும் தரலாம். நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் கற்கிறார்கள். அந்தப் பக்கத்தை அவர்களே எழுதட்டும். நாம் வாழ வந்த ஊரின் மொழியில் நம் குறையைத் தெளிவாகச் சொல்லக் கற்பது அவ்வூருக்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகும்.

இந்தப் பொங்கலுக்கு ஊர் புறப்படும் முன் அம்மா கேட்டார்கள்: "வண்டியைப் பார்த்தாயிற்றா?" "பார்த்தாயிற்று அம்மா" என்றோம். "நீங்கள் என்ன சொன்னீர்கள் அவரிடம்?" என்று அடுத்துக் கேட்டார்கள். ஐந்தையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தோம். அதன் பிறகே ஏறி அமர்ந்தார்கள். திம்பத்தில் அந்த வளைவு வந்தபோது, கல் வைத்துக் காத்த அந்தப் பெயரறியா இளைஞரை மனத்தால் வாழ்த்தினோம். ஒவ்வொரு மலையிலும் அப்படி ஒருவர் பின்னால் நிற்பார் என்று நம்பிப் புறப்படுவது முறையன்று. புறப்படும் முன்பே குறையைக் கண்டு, சரியாகச் சொல்லி, சரியாகத் தீர்த்துக்கொள்வோமாக.